மண்திட்டில் முட்டி நின்ற கார்

இன்று காலை மகன் வேனின் முன்சக்கரத்தைக் கழற்றிப் பிரேக் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒயில் வாடை அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னம்மா, தனியாச் சிரிக்கிறீங்க?" என்றான். உன் அப்பாவைக் கேள் என்று வாய் வரை வந்தது. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வாய்க்கு இன்னும் அது பழகவில்லை.

எங்கள் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக்கு நீங்கள் முதன்முதலில் வந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். அவர்களில் ஒருவர் விட்டுப்போன பழைய காரை வாங்கி, பதுளை டவுனில் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்த மாதிரிக் காரைச் செய்வதையே கம்பெனி நிறுத்தியிருந்தது. பிரேக் சிலிண்டர் கெட்டுப்போயிற்று; வேறு வாங்க வழியில்லை. அதே மாதிரிக் கார் ஒன்று, என்ஜின் செத்துப்போய், தேயிலை பேக்டரியில் டீமேக்கரான என் அப்பாவின் கொல்லையில் நிற்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிரேக் இல்லாமலே முதல் கியரில் ஊர்ந்து வந்து, எங்கள் வாசல் மண்திட்டில் முட்டி நின்றீர்கள். என் கோழிகள் பதறிப் பறந்தன.

"சிலிண்டர மட்டும் கழட்டித் தாங்க ஐயா. அது இல்லாட்டி வண்டிய மூடி வச்சிட்டு வீட்ல உக்கார வேண்டியதுதான்."

"வாங்கினா முழுசா வாங்கிக்கிட்டுப் போங்க தம்பி. கால் தனி, தொடை தனின்னு அறுத்து விக்க நான் என்ன ஆட்டுக்கறிக் கடையா வச்சிருக்கேன்?"

அப்பா பிடிவாதக்காரர். நீங்கள் அவருக்கும் மேல். வாராவாரம் வந்து, அதே திட்டில் முட்டி நிறுத்திவிட்டு, "சும்மா ஒரு தடவ பாத்துக்கிறேங்க" என்று எங்கள் காருக்கு அடியில் நுழைந்துவிடுவீர்கள். உங்கள் முகத்தைவிடக் கால்களைத்தான் எனக்கு முதலில் நன்றாகத் தெரியும். தேத்தண்ணியைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சீட்டுல என் கோழி அடை காக்குது, அசைக்காதீங்க" என்பேன். "கோழிக்கிட்ட கேட்டுட்டுத்தாங்க படுத்திருக்கேன்" என்று கீழேயிருந்து குரல் வரும்.

அப்பாவின் மனம் இளகிவிடக் கூடாது என்று நான் முருகனை வேண்டிக்கொண்டிருந்தேன். சாமான் கைக்கு வந்துவிட்டால் பதுளைக்காரருக்குப் பூனாகலையில் என்ன வேலை?

ஆனால் இளகிவிட்டார். "சரி தம்பி, கழட்டிக்கிட்டுப் போங்க. உங்க தொல்ல தாங்கல." நீங்களோ சந்தோஷப்படாமல், முகம் செத்துப்போய், "அவசரம் இல்லீங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று கிளம்பினீர்கள். வேலியோரம் நின்று பார்த்தேன். கீழே வளைவில் ஒரு மாடு குறுக்கே வந்தது. "ஐயோ!" என்று கத்திவிட்டேன். கார் அப்படியே நின்றது. முட்டுவதற்கு அங்கே திட்டும் இல்லை, கல்லும் இல்லை. மாடு சாவகாசமாகக் கடந்து போயிற்று.

அடப்பாவி மனுஷா! பிரேக் இருந்துமா வாராவாரம் எங்கள் மண்திட்டில் முட்டி நின்றீர்கள்?

அடுத்த ஞாயிறு நீங்கள் காருக்கு அடியில் நுழைந்ததுமே கேட்டேன். "சிலிண்டர் எப்பக் கெடச்சிச்சு?"

கால்கள் அசையவில்லை. "தீவாளிக்கு முந்தி. கொழும்புல."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"கெடச்சிருச்சின்னு சொன்னா, வர்றதுக்குக் காரணம் இல்லாமப் போயிருமேங்க."

"வெளிய வந்து மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

வந்தீர்கள். மூக்கு நுனியெல்லாம் கிரீஸ். சொன்னீர்கள். அப்பாவிடமும் போய்ச் சொன்னீர்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப வண்டிய முழுசா எடுத்துக்குவீங்கள்ல?"

இப்போதும் சிலர் வீட்டுக்கு வருகிறார்கள். கத்தரிக்கோல் இரவல் கேட்டு, பழைய பேப்பர் கேட்டு. கேட்டதைக் கொடுத்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பார்கள். எதற்கு வந்தீர்கள் என்று நான் ஒருவரையும் கேட்பதில்லை. இன்னொரு கோப்பை தேத்தண்ணி ஊற்றி வைக்கிறேன்.