மேசைமேல் இருந்தால் விற்பனைக்கு

ஏப்ரல் 14, ஞாயிறு

ஐந்து மணிக்கே முழிப்பு வந்துவிட்டது. ஃபாரர் பண்ணை வயலில் இந்த வருடத்தின் முதல் டிக்கிச் சந்தை, ஆளாளுக்குக் காரின் டிக்கியில் பழைய சாமான் கொண்டுவந்து விற்கிற சந்தை. ஏழு மணிக்கு மேல் போனால் நுழைவுக் கட்டணம் பாதிதான். ஆனால் ஏழு மணிக்குப் போகிறவளுக்கு என்ன கிடைக்கும்? ஒற்றைக் காதணியும் மூடியில்லாத டப்பாவும் கிடைக்கும். ஆறுக்கே போனேன்.

வண்டிகள் வரிசையாக நின்று ஒவ்வொன்றாக டிக்கியைத் திறக்கிற அந்த நிமிடம் இருக்கிறதே, அறுபத்தைந்து வயதிலும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. முழங்கால்வரை ஈரப்புல், கையில் டார்ச், பேக்கன் வறுபடுகிற வாசனை. மூக்கு வியர்த்த கழுகுகளாக வியாபாரிகள் வேறு. அட்டைப்பெட்டியைக் கீழே இறக்குவதற்குள் நாலு கை உள்ளே போய்விடும். அதில் ஒன்று என் கை.

ஒரு பித்தளைத் தராசு வாங்கினேன். எட்டு பவுண்டு சொன்னார். ஆறுக்குக் கொடுத்தார். ஆறு! அக்கா மார்லீன் கூட வந்திருந்தால் மூன்றுக்கு முடிந்திருக்கும்.

எங்கள் தந்திரம் இந்த வயலில் யாருக்கும் தெரியாது. பிடித்த பொருளை நான் எடுத்து ஆசையாகப் பார்ப்பேன். அக்கா பின்னாலிருந்து, "வை அதைக் கீழ. வீட்டுல கால் வைக்க எடமில்ல" என்பாள். "பாவம்க்கா, ஆசையா இருக்கு" என்பேன். "ஆசைக்கு ஒரு அளவு வேணாம்? வா, போலாம்" என்று கையைப் பிடித்து இழுப்பாள். ஒரு அடி, இரண்டு அடி... மூன்றாவது அடியில் கடைக்காரர் விலையைக் குறைத்துக் கூப்பிடுவார். கூப்பிடாத கடைக்காரரை நான் பார்த்ததில்லை. இருபத்தாறு வருடம் ஆடிய கூத்து.

போன செப்டம்பரிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

ஏப்ரல் 15

தராசு முள் ஒரு பக்கமாகவே சாய்கிறது. இழுத்துக்கொண்டு போக ஆள் இல்லாவிட்டால் இப்படித்தான்.

ஏப்ரல் 28, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். மனதுக்குள் வைத்துப் புழுங்கி என்ன ஆகப்போகிறது?

போன வருடம் செப்டம்பர் கடைசி ஞாயிறு. நாங்களே கடை போட்டிருந்தோம். இருவர் வீட்டிலும் சேர்ந்துபோன சாமானை விற்றுவிட்டு, அந்தக் காசில் மறுபடி சாமான் வாங்குவதற்கு. காலையில் நல்ல குளிர். மார்லீன் அவள் புருஷன் டெரிக்கின் கோட்டைப் போட்டிருந்தாள். தோளில் தோல் வைத்துத் தைத்த கருநீலக் கோட்டு. டெரிக் முப்பது வருடம் சாலை வேலைக்குப் போட்டுப் போனது. அவன் இறந்து இரண்டு வருடமாகிறது. குளிர்கிற காலைகளில் எல்லாம் அவள் அதைத்தான் போடுவாள்.

பத்து மணிக்கு வெயில் வந்தது. கோட்டைக் கழற்றி மேசை ஓரத்தில் போட்டுவிட்டுக் கழிப்பறை வரிசைக்குப் போனாள். நான் ஒரு அம்மாவிடம் தட்டுகளுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு கை எதையோ தூக்கிக் காட்டி, "இது எவ்வளவு?" என்றது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாலு" என்றேன். "ரெண்டு" என்றார். "மூணு" என்றேன். காசு கைக்கு வந்தது. வயலின் சட்டம் அது. மேசைமேல் இருந்தால் விற்பனைக்கு. எத்தனை பேர் அடுத்தவர் மேசையில் தம் குடையை வைத்துத் தொலைத்திருக்கிறார்கள்!

தவளை தன் வாயால் கெடும். அவள் திரும்பி வந்ததும் பெருமையாக வேறு சொன்னேன். "ஏதோ ஒரு கந்தலை மூணுக்குத் தள்ளிட்டேன் பாரு."

அவள் மேசை ஓரத்தைப் பார்த்தாள்.

வயல் முழுக்க ஓடினோம். யாரென்று எனக்கு முகமே தெரியாது. தெரிந்தது அந்தக் கை மட்டும்தான். கடைசியில் அவள் அழ ஆரம்பித்தபோது எனக்கு என்ன பிடித்ததோ... பயம்தான், வேறென்ன... "மேசைமேல யாரு உன்ன வெக்கச் சொன்னா? பழைய கோட்டுதானே, விடேன்" என்றேன்.

பழைய கோட்டுதானே. அதைத்தான் சொன்னேன். அதற்கப்புறம் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குக் காரில் ஒன்றாகத்தான் வீட்டுக்கு வந்தோம். பன்னிரண்டு மைல்.

மே 12, ஞாயிறு

சந்தையில் வாங்கினது சந்தைக்கே திரும்பும் என்று வயலில் சொல்வார்கள். உண்மைதான். நானே விற்ற கெட்டிலை நாலு வருடம் கழித்து நானே வாங்கியிருக்கிறேன். அதே அடிபட்ட மூக்கு.

அதனால் துணி தொங்குகிற ஒவ்வொரு கம்பியையும் பார்க்கிறேன். கருநீலமாக இருந்தால் இடது பாக்கெட்டுக்குள் கையை விடுவேன். டெரிக்கின் பாக்கெட் கிழிந்தபோது மார்லீன் சிவப்பு நூலால் தைத்தாள், அப்போது வீட்டில் வேறு நூல் இல்லை. இன்றைக்கு ஒரு கடைக்காரி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன கண்ணு, வாங்குறதுக்கு முன்னாடியே பாக்கெட்டக் காலி பண்றியா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வண்டிக்குள் வந்து உட்கார்ந்து பத்து நிமிடம் எழுந்திருக்கவில்லை. கோட்டு கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு அவள் வாசலில் போய் நிற்கலாம். வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

ஜூன் 2, ஞாயிறு

முயல்! ஜெல்லி இனிப்பை முயல் உருவத்தில் உறைய வைக்கிற செம்பு அச்சு. காதுகூட நசுங்கவில்லை. மார்லீனிடம் முப்பத்தொரு ஜெல்லி அச்சு இருக்கிறது. கோபுரம், கோழி, சிங்கம்... முயல் மட்டும் இல்லை. பதினைந்து வருடமாகத் தேடுகிறாள். விற்கிற கிழவருக்கு அது என்னவென்றே தெரியவில்லை, பூனை பால் குடிக்கிற கிண்ணம் என்றார். ஒன்றரை பவுண்டு. காசை நீட்டினேன். இந்த நிமிடத்துக்காகத்தானே குளிரிலும் தூறலிலும் போகிறோம். குப்பையோடு குப்பையாகக் கிடக்கிற ஒன்று, அதை அடையாளம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்கிற சந்தோஷம்!

திரும்பி "அக்கா, பாரு!" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். பின்னால் யாரோ ஒருவர் நாயோடு நின்றிருந்தார்.

அடுத்த ஞாயிறு அவள் பிறந்தநாள்.

ஜூன் 9

முயலைத் துலக்கி, காகிதம் சுற்றி, அவள் வாசல்படியில் வைத்துவிட்டு வந்தேன். மணி அடிக்கவில்லை. எழுதிய சீட்டை மூன்று தடவை கிழித்தேன். கடைசியில் என் பெயர் மட்டும் எழுதினேன்.

ஜூன் 20, வியாழன்

தேவாலயத்துக்கு எதிரே, வேண்டாத பொருளைத் தானமாக வாங்கி விற்கிற தருமக்கடை ஜன்னலில் முயல். விலைச்சீட்டு நாலு பவுண்டு.

உள்ளே போய் வாங்கினேன். கல்லாவில் இருந்த பெண், "அழகான சாமான், யாருக்குத்தான் குடுக்க மனசு வந்துச்சோ" என்றாள். பேரம்கூடப் பேசவில்லை. முழு நாலையும் கொடுத்தேன்.

அவ்வளவு கோபமாக்கா உனக்கு? ஒரு பழைய— இல்லை. அந்த வார்த்தையை இனிமேல் எழுதவும் மாட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

பன்னிரண்டு மணிக்கு மேல் வயலில் கொட்டுவிலை. வீட்டுக்குத் திருப்பிச் சுமந்து போக யாருக்கும் மனசு வராது. "ஒரு பை நிறைய ஒரு பவுண்டு!" என்று கத்துவார்கள். பை நிறைய அள்ளினேன். பூவேலை செய்த மேசைத்துணி, கறுத்துப்போன கரண்டிகள், இளவரசி டயானாவின் கல்யாண நினைவுக் கோப்பை ஒன்று.

வீட்டில் கொட்டிப் பார்த்தேன். யாரிடம் காட்ட? முன்பெல்லாம் அவள் சமையலறைத் தரையில் இரண்டு பையையும் கொட்டி, யார் ஏமாந்தது, யார் ஜெயித்தது என்று மதியம் முழுக்கச் சண்டை போடுவோம். டெரிக் எங்களைத் தாண்டித் தாண்டிப் போய் டீ போடுவான். பொருளைவிட அந்தச் சண்டைக்குத்தான் போயிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. எல்லாவற்றையும் மறுபடி பைக்குள் போட்டுக் கட்டி வைத்துவிட்டேன்.

அவள் இல்லாமல் எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மழை. வயலைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

இந்தப் பருவத்தில் முதல் குளிர். செடி விற்கிற வில்ஃப் என்றொருவர், கடைசி வரிசையில். ஃப்யூஷியா பூச்செடித் தொட்டிக்குக் குனிந்தேன். பணத்துக்குக் கை நீட்டினார். கருநீலக் கோட்டுக்கை. நிமிர்ந்தேன். தோளில் தோல்.

"அந்தக் கோட்ட..." என்றேன்.

"இதுவா? போன வருசம் இங்கதான் வாங்கினேன். மூணு பவுண்டு."

"தெரியும். வித்ததே நான்தான்."

எல்லாவற்றையும் கொட்டினேன். என்ன விலை சொன்னாலும் தருகிறேன் என்றேன். என் வாழ்நாளில் எந்த மேசை முன்னாலும் நான் சொல்லாத வாக்கியம் அது. வில்ஃப் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அப்ப அந்தத் தங்கச்சி நீங்கதானா?"

"எந்தத் தங்கச்சி?"

"பழைய விமானத் தளத்துல சனிக்கெழம சந்தை போடுறாங்கல்ல, அங்க ஒரு அம்மா. ஒவ்வொரு வாரமும் கோட்டா பொரட்டிக்கிட்டு இருப்பாங்க. ஆகஸ்டுல ஒருநாள், காத்து ஆளத் தூக்குது, நான் இதப் போட்டிருந்தேன். நேரா வந்து, கேக்காம கொள்ளாம என் பாக்கெட்டுக்குள்ள கைய விட்டாங்க. உள்ள தையலத் தடவிக்கிட்டே நின்னாங்க."

காற்று அடிக்கிறது என்று அந்த விமானத் தளத்துப் பக்கமே வராதவள் மார்லீன்.

"கழட்டிக் குடுத்தேங்க. வேணாம்னுட்டாங்க. 'என் வீட்டு ஆணியில தொங்குறதுக்குப் பதிலா உங்க மேல இருக்கட்டும், வேலைக்குப் போற ஆளு போடுற கோட்டு இது'ன்னாங்க. எவ்வளவுக்கு வாங்கினீங்கன்னு கேட்டாங்க. மூணுன்னேன். 'மூணா? அஞ்சுக்காவது வித்திருக்க வேணாமா, கழுத, என் தங்கச்சி'ன்னு சொல்லிட்டு..."

"சொல்லிட்டு?"

"சிரிச்சாங்க. அப்புறம் அழுதாங்க. இப்பவும் வர்றாங்க. எதையாவது எடுத்து ஆசையாப் பாப்பாங்க, யாரையோ எதிர்பாக்கிற மாதிரி நிப்பாங்க, வெச்சிட்டுப் போயிடுவாங்க."

கோட்டை நான் கேட்கவில்லை. பாக்கெட்டுக்குள் கையை மட்டும் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். விடச் சொன்னார். நூல் இருந்தது.

செப்டம்பர் 14, சனி

விமானத் தளம். ஆறு மணியிலிருந்து ஒரு மணி வரை நின்றேன். அவள் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா? ஒரு பொருளைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை நான்.

செப்டம்பர் 15

ஞாயிறு. வயலுக்குப் போகவில்லை. இருபத்தாறு வருடத்தில் மழை பெய்யாத ஞாயிறு ஒன்றில் நான் போகாமல் இருப்பது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 21, சனி

இருந்தாள்.

ஏழே கால் மணி. ஓடுபாதை மேல் நீள வரிசை, அதில் நடுவே ஒரு நீல வண்டி. முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது. இளைத்திருந்தாள். கையில் ஒரு ஜெல்லி அச்சு, மீன் வடிவம். திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு, கண்ணு. செம்பு, சுத்தமான செம்பு" என்றார் கடைக்காரர்.

ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பு முழுதும் எனக்கு மறந்துபோனது. பின்னால் போய் நின்றேன். வாய் தானாகச் சொன்னது.

"வை அதைக் கீழ. வீட்டுல கால் வைக்க எடமில்ல."

அவள் திரும்பவில்லை. தோள் மட்டும் அசைந்தது. கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாவம், ஆசையா இருக்கு" என்றாள்.

"ஆசைக்கு ஒரு அளவு வேணாம்? வா, போலாம்."

கையைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது. ஒரு அடி. இரண்டு அடி. மூன்றாவது அடியில், "ஏம்மா, எட்டுக்கு எடுத்துக்கங்க!" என்று கூப்பிட்டார். நாங்கள் நிற்கவில்லை. "ஆறு!" என்றார். கேட்டது. நின்றால் கையை விட வேண்டியிருக்கும் என்று நடந்துகொண்டே இருந்தோம், டீ வண்டி வரைக்கும்.

"மன்னிச்சுடுக்கா" என்றேன்.

"எதுக்கு?"

"கோட்ட வித்ததுக்கு."

"வித்ததுக்கு நான் கோவப்படல. மேசைமேல வெச்சவ நான்தான். அது என்ன கோட்டுன்னு சொன்ன?"

சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "பழைய கோட்டுதானேன்னு சொன்னேன். அதுக்குத்தான்க்கா மன்னிப்பு."

டீயை ஊதினாள். வெகுநேரம் ஊதினாள். "சரி" என்றாள்.

திரும்பிப் போய்ப் பார்த்தால் மீன் போய்விட்டது. யாரோ ஐந்துக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

"உன்னால ஒரு நல்ல சாமான் போச்சு" என்றாள் மார்லீன். ஒரு வருடம் கழித்து அவள் என்னைத் திட்டுகிறாள்!

நாளைக்கு ஐந்தரைக்கு என்னை வந்து வயலுக்குக் கூட்டிக்கொண்டு போவாள். முயலை எடுத்துத் துலக்கி வைத்துவிட்டேன். சும்மா கொடுத்தால் வாங்க மாட்டாள் என்பது ஜூனிலேயே தெரிந்துவிட்டது. அதனால் அவளிடமே பத்து பவுண்டு விலை சொல்லப்போகிறேன், பேரம் பேசி வாங்கட்டும்.