சுவரொட்டியில் உன் முகம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். நான் கூப்பிட்டால் மட்டும் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதத்தையாவது பிரிப்பாய் அல்லவா? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடி அறையில் மழைநீர் ஒழுகிய இடத்தை ஒருவழியாக அடைத்துவிட்டோம். உன் கட்டிலை மட்டும் நகர்த்த அம்மா விடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நிதி நிறுவனத்திலிருந்து ஓர் ஒப்பந்தம் வந்திருப்பதாகவும், கையெழுத்துப் போடப் போவதாகவும் அம்மாவிடம் சொன்னாயாம். "ஒரு பழைய போட்டோவுக்குச் சும்மா காசு குடுக்குறாங்க, வேணாம்னு எவனாவது சொல்வானா?" என்றாயாம். உன் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஆனால் அந்தப் போட்டோவின் கதை உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

விளம்பர ஆபீஸில் நான் சேர்ந்த புதிது. அந்த நிறுவனத்தின் சேமிப்புத் திட்டத்துக்குச் சுவரொட்டி. மாடலாக வர வேண்டியவர் வரவில்லை. அப்படி ஆகும்போது கையில் அகப்பட்டவரைப் பிடித்து உட்காரவைப்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். எங்கள் கணக்காளர் இதுவரை டாக்டராகவும் மாப்பிள்ளையாகவும் ஆகியிருக்கிறார். அன்று எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த நீ மாட்டிக்கொண்டாய். முதலாளியின் கண்ணாடியை மாட்டிவிட்டுச் சிரிக்கச் சொன்னோம். உனக்குப் பாதிச் சிரிப்புதான் வந்தது. அதுதான் எடுபட்டது.

நான் மண்டையைக் குடைந்து எழுதிய வாசகம் இன்று ஒருவருக்கும் நினைவில்லை, உன் முகம்தான் நினைவிருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஏன் என்று பிறகுதான் புரிந்தது. சோப்பு பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வேறு சோப்பு வாங்கிக்கொள்ளலாம். பணம் போடுபவருக்கு அந்த வசதி இல்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் யாரைப் போய்க் கேட்பது என்றுதான் அவர் மனது அடித்துக்கொள்ளும். உன் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, இவனைப் போய்க் கேட்கலாம் என்று தோன்றியிருக்கிறது. அன்று அதில் தப்பில்லை. 'எங்களிடம் வட்டி குறைவு' என்று சுவரொட்டியில் பெரிய எழுத்திலேயே போட்டிருந்தோம். அதை மறைக்காமல் சொன்னதாலும் நம்பினார்கள்.

இப்போது நிறுவனம் கைமாறிவிட்டது. புதுத் திட்டத்தில் போட்ட பணம் மொத்தமாகவும் போகலாம். அந்த வரி சுவரொட்டியின் அடியில், பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் அளவில் இருக்கிறது. மேலே 'இருமடங்கு' என்று கொட்டை எழுத்து. நடுவில் நீ.

அவர்களே தயாரித்த மாதிரி ஒன்றை, உன் கையெழுத்துக்குக்கூடக் காத்திராமல், தங்கள் கிளை வாசலில் அவசரமாக ஒட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டு டீச்சரம்மா அதைப் பார்த்துவிட்டு நேராக நம் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்றபோது வந்த பணம் முழுவதையும் போடப் போகிறாராம். யோசித்தீர்களா என்று கேட்டேன். "நம்ம பையனே சொல்றான், அப்புறம் என்ன யோசனை?" என்றார். அவன் ஒன்றும் சொல்லவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தான் என்றேன். நான் அடக்கமாகப் பேசுவதாக நினைத்துக் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாளே நிறுவனத்தின் புது மேலாளரைப் போய்ப் பார்த்தேன். பணம் போகலாம் என்ற வரியைத் தலைப்பு அளவுக்குப் பெரிதாக்கச் சொன்னேன். "விளம்பரம் ஜனங்களைக் கூப்பிடத்தாங்க, விரட்ட இல்ல" என்று சிரித்தார். அப்படியானால் தம்பியை எடுத்துவிட்டு உங்கள் படத்தைப் போடலாம், இங்கே பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தானே என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. "என் மூஞ்சி எதுக்குங்க? எனக்கும் அக்கம்பக்கம்னு இருக்குல்ல?" என்றார். தம்பி, இதற்கு மேல் அந்தத் திட்டத்தைப் பற்றி நான் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

இந்த விளம்பரத்தை எழுத மாட்டேன் என்று எங்கள் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். பெரிய வாடிக்கையாளர், யோசித்துச் சொல் என்றார். யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்றேன். மாதக் கடைசியில் என் மேஜை எனக்கு இருக்குமா தெரியாது. போனால் போகட்டும், வேறு வேலை தேடிக்கொள்வேன். நான் எழுதாததை வேறொருவர் எழுதிவிடுவார். ஆனால் உன் முகத்தைக் கொடுக்க உன்னைத் தவிர ஆள் கிடையாது. பழைய அனுமதி என்றைக்கோ முடிந்துவிட்டது. அதனால்தான் உன்னைத் தேடி வருகிறார்கள். முடியாது என்று ஒரு வரி எழுதி அனுப்பு, கிளை வாசலில் இருப்பதையும் நானே நின்று கிழிக்கவைக்கிறேன்.

உனக்கு அங்கே பணக் கஷ்டம் என்று தெரியும். நீ சொல்லாவிட்டாலும் குரல் சொல்கிறது. என்னிடம் கேள். திட்டு வாங்காமல் கிடைக்காது, ஆனால் கட்டாயம் கிடைக்கும். ஒருவேளை ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் என் போனுக்குப் பயப்படுகிறாயோ? அப்படியிருந்தாலும் சொல்லிவிடு. அடுத்து என்ன செய்வது என்று சேர்ந்து பார்ப்போம்.

டீச்சரம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அரை மனதாகத் தலையாட்டினார். உன் வாயால் கேட்டால்தான் நம்புவாராம். ஞாயிற்றுக்கிழமை காலை நம் வீட்டில் வந்து காத்திருக்கப் போகிறார். நாளைக்கு ஏதாவது ஆகி, உன்னைக் கேட்டு யார் வந்து கதவைத் தட்டினாலும் திறக்கப்போவது அம்மாதான். நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், கண்ணா. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. போனை டீச்சரம்மாவே எடுப்பார்.

என்றும் உன்,
அக்கா