காலியாக வந்த கட்டம்

புதுக்கோட்டை
3-7-1960

அன்புள்ள உங்களுக்கு,

முதுகுவலி தேவலையா? நீங்கள் கேட்டபடி உங்கள் ‘மனமும் உடலும்’ நூலின் பதிப்புரிமைப் பதிவுப் படிவத்தை நிரப்பி, இங்கே அச்சான மூன்று பிரதிகளோடு அனுப்பியிருக்கிறேன். விடுமுறைக்கு வருவதாகப் போன வருஷமும் எழுதினீர்கள்.

சொர்ணவல்லி


டெல்லி
15-7-1960

அன்புள்ள சொர்ணத்துக்கு,

படிவத்தைப் பார்க்காமலே ஆபீஸில் கொடுத்துவிட்டேன். “அட்டையில் இருக்கிறவர் படிவத்தில் காணாமல் போய்விட்டாரே” என்று குமாஸ்தா சிரித்தார். ஆசிரியர் பெயர் எழுதும் கட்டம் காலி. பி.ஏ. படித்த உனக்கு மறதியா, கோபமா? புதுப் படிவம் இத்துடன்.

உடையப்பன்


புதுக்கோட்டை
22-7-1960

அன்புள்ள உங்களுக்கு,

மறதி இல்லை. “புருசன் பேரை எழுதுனா அவுக ஆயுசு கொறையும்டி” என்று ஆத்தா சொல்லும். நான் நம்புகிறவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் உடற்கூறு நடத்துகிறேன். ஆனால் அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்ததும் கை நகரவில்லை. நம் பிள்ளை தவறிப்போன பிறகு மூன்று மாதம் மரத்துக் கிடந்ததே, அதே வலது கை.

அந்த மூன்று மாதத்தையும் இடது கையால் நோட்டில் எழுதிவைத்தேன். உங்கள் நான்காம் அத்தியாயம் முழுக்க அந்த நோட்டுத்தான். அதில் நான் வெறும் ‘ஒரு பெண்’. கௌரவத்துக்காக மறைத்திருப்பீர்கள். ஆனாலும், பெண்டாட்டி பேரை எழுதக் கூடாதென்று உங்களுக்கு எந்த ஆத்தாவும் சொல்லித்தரவில்லையே.

படிவத்தை அப்படியே அனுப்புகிறேன். நீங்களே நிரப்புங்கள்.

சொர்ணவல்லி


டெல்லி
1-8-1960

அன்புள்ள சொர்ணம்,

நிரப்பினேன். உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. “அட்டையில் ஒரு பெயர்தானே” என்றார் குமாஸ்தா. அட்டையை மாற்றிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு நம்மூர் அச்சகத்துக்கு வர வேண்டும். வீட்டுக்கும் வரலாமா? உனக்குக் கை மரத்தது. எனக்குக் கால், பிள்ளை இல்லாத வாசற்படியை ஆறு வருஷமாக ஏற மறுத்தது. அதை எந்த அத்தியாயத்திலும் நான் எழுதவில்லை.

உடையப்பன்


புதுக்கோட்டை
10-8-1960

அன்புள்ள உங்களுக்கு,

இத்தனை வருஷமும் உறையின் மேல் ‘தத்துவப் பேராசிரியர்’ என்றும் கல்லூரி விலாசமும் மட்டுமே எழுதி அனுப்பினேன். “வேலையத்தான் எழுதுறீங்க டீச்சர், ஆளு பேரைக் காணமே” என்பார் தபாலாபீஸ் மூக்கன். இன்று தபாலாபீஸிலேயே உட்கார்ந்து, முதலில் உறையை எழுதிவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். உறையை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இவுக யாருங்க, புதுசா?”

“வீட்டுக்காரவுக” என்றேன்.

உங்கள் பெயரை எழுதும்போது இந்தத் தடவை கை நிற்கவில்லை. உங்கள் ஆயுசுக்கு ஒன்றும் ஆகாது. வாருங்கள்.

சொர்ணவல்லி