நூற்று நாற்பது பேர், ஒரு பெட்டி

சுங்கை சிப்புட்,
டிசம்பர் 14, ஞாயிறு.

அன்பு மகள் பிரமிளாவுக்கு, அம்மா நவமணி சொல்லச் சொல்லத் தங்கை தினேஸ்வரி எழுதுவது. இங்கே அப்பா, நான், தங்கை மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையில் கோவிலில் சொல்லிவிட்டு வந்துதான் இதைத் தொடங்குகிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் நான் பேசி அனுப்புவதற்கெல்லாம் நீ ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பி முடித்துவிடுகிறாய், கடிதத்துக்கு அப்படிச் செய்ய முடியாது, உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும். இங்கே மூன்று வாரமாக மழை, பின்பக்கத் தகரம் ஒழுகுகிறது, மூன்று வாளி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்தபாடில்லை, உன்னை எப்போதும் விசாரிக்கிறார். தங்கை தமிழில் வகுப்பில் முதல், கணக்கைப் பற்றிக் கேட்காதே. (அறுபத்தெட்டு அக்கா, அம்மா சொல்கிற அளவுக்கு மோசம் இல்லை. தினேஸ்.) அப்பா வெளியே மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருக்கிறார். ஒரு மணி நேரமாக ஒரே சக்கரத்தைக் கழுவுகிறார், கடிதம் எழுதுகிறோம் என்று அவருக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்தது அந்த நாடகத்தைப் பற்றி. உனக்கு உன் பக்கம் தெரியும், இந்தப் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். தன்னைக் கேட்காமலே நர்ஸ் வேலைக்கு எழுதிப் போட்டாய் என்ற கோபத்தில், நீ அயர்லாந்துக்குக் கிளம்பிய அன்று அப்பா உன்னை வழியனுப்ப வராமல் பீடோருக்கு லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போனார், அதற்குப் பிறகு இரண்டு வருடம் நீங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நீ கூப்பிட்டால் அவர் எழுந்து வெளியே போவார், அவர் செருமுகிற சத்தம் கேட்டால் நீ வைக்கிறேன்மா என்பாய். போன வருடம் ஒரு சனிக்கிழமை நீ கூப்பிட்டபோது என் இரண்டு கையிலும் முறுக்கு மாவு, தங்கையும் வீட்டில் இல்லை, அப்பாதான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்துவிட்டுப் பேசாமல் நின்றார், நீயும் பேசவில்லை. தொலைக்காட்சியில் 'பதினேழாம் நம்பர் வீடு' ஓடிக்கொண்டிருந்தது, அதில் வருகிற பஸ் டிரைவர் மாயவன் மகளைத் திட்டுகிற சத்தம் உனக்குக் கேட்டிருக்கிறது. "யாருப்பா அது, இந்தக் கத்து கத்துறது?" என்று கேட்டாயாம். "நாடகம்லா" என்றார். "என்னா நாடகம்?" என்றாய். அவ்வளவுதான் தொடக்கம். அடுத்த வாரத்திலிருந்து நீ அங்கே ஃபோனில் பார்த்துவிட்டு, நாடகம் முடிந்ததும் கூப்பிடுவாய், இங்கே எட்டு மணி, உனக்கு அங்கே நண்பகல். பத்து நிமிடம், நாடகத்தைத் தவிர வேறு பேச்சு கிடையாது. "மாயவனுக்கு வாய்தான் நீளம், மனசு அப்படி இல்ல" என்பார் அப்பா. "மக மேலயும் தப்பு இருக்குப்பா, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்பாய் நீ. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எந்த மாயவன், எந்த மகள் என்று எனக்குத் தெரியாதா அம்மாடி.

ஆகஸ்டில் நாடகம் நடுவிலேயே நின்றது உனக்குத் தெரியும். மாயவன் மகளின் விலாசத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோலாலம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறான், படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக இருக்கும்போது பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. அன்றைக்கு நீ கூப்பிட்டு, "அடுத்த பாகம் வந்தா கூப்பிடுறேன்ப்பா" என்று சொல்லி வைத்தாய். நீ பேச்சுவாக்கில் சொன்னாயோ, நினைத்துத்தான் சொன்னாயோ, எனக்குத் தெரியாது. அப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். பத்து நாள் கழித்து, அடுத்த பாகம் எடுக்கப் போவதில்லை என்று அலைவரிசைக்காரர்கள் அறிவித்தபோது தங்கைதான் படித்துக் காட்டினாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டு, "அவதான் சொல்லிட்டாளே, வந்தா கூப்பிடுறேன்னு. அப்போ வர வைக்கணும்ல" என்றார்.

உன் அப்பா எந்தக் கூட்டத்துக்கும் போகாத மனிதர், கோவில் கமிட்டிக்குக் கூப்பிட்டால்கூட லாரி ரிப்பேர் என்பார். அவர் நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நம் குடியிருப்புத் தாமான் முழுக்க வீடு வீடாகப் போனார். ஐ.சி. அட்டை நம்பரோடு அறுநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. மனுவைத் தங்கை எழுதினாள், மலாயிலும் தமிழிலும். (அப்பா சொன்ன முதல் வரி "மதிப்புக்குரிய மானேஜர் அவர்களுக்கு, நாங்கள் வேலை நிறுத்தம் செய்பவர்கள் அல்ல" என்பது. நான் அதை எடுத்துவிட்டேன். தினேஸ்.) சுங்காய் ஊர்ப் பக்கம் லோடு போனால் அங்கேயும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் நிரப்பிக்கொண்டு வருவார். ஜெயபாலன், அப்பாவோடு லாரி ஓட்டுகிறவர், ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்தார், 'மாயவனை இறக்கி விடுங்கள்' என்று பெயர், இரண்டாயிரம் பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் சேர்ந்து எழுதிக்கொண்டே இருந்ததில் அலைவரிசைக்காரர்கள் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். பழைய பகுதிகளை ஆறு சனிக்கிழமை அதே ஏழு மணிக்கு மறுபடி போடுகிறோம், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்கள். அன்றைக்கு அப்பா சிரித்ததைத் தங்கை படம் எடுத்து வைத்திருக்கிறாள். உனக்கு அனுப்ப விடவில்லை. முடிவு வரட்டும் என்றார்.

இங்கேதான் பிரமிளா எல்லாம் கெட்டது. அப்பா ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே குழாயில் தண்ணீர் வராவிட்டால் வீட்டுக்கு ஒருவராகப் போய்ச் சொன்னால் மானேஜர் காதில் விழாது, மொத்த டிவிஷன் ஜனமும் ஆபீஸ் முன்னால் போய் நின்றால்தான் வெளியே எட்டிப் பார்ப்பார். அந்தப் பழக்கம்தான். "வீட்டுல உக்காந்து பாத்தா யாருக்குத் தெரியும், எல்லாரும் மீரா சாஹிப் கடைக்கு வாங்க, ஒண்ணா உக்காந்து பாப்போம், கூட்டத்தக் காட்டுவோம்" என்று சொல்லிவிட்டார். மீரா சாஹிப் அண்ணன் தன் சாப்பாட்டுக் கடைப் பெரிய டிவியைச் சுவரிலிருந்து கழற்றிக் கடைக்கு முன்னால் கூடாரத்தில் வைத்தார், அவர் மனைவி மெஹர்பானு அக்கா பெண்களுக்குத் தனியாக ஒரு வரிசை நாற்காலி போட்டார். முதல் வாரம் ஐம்பது பேர், மூன்றாவது வாரம் நூறு. ஆறாவது வாரம் தங்கை தலையெண்ணினாள், நூற்று நாற்பது. வர மறுத்தவர்களை அப்பா விடவில்லை. கருப்பம்மாள் அக்கா, "கால் வலிக்குதுலா, நான் வீட்டுலயே பாக்குறேன்" என்று கெஞ்சினார். அவர் வீட்டு டிவியை அப்பாவே சுவிட்சைத் தட்டி அடைத்துவிட்டு, மோட்டாரில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். நம் வீட்டு டிவியும் அந்த ஆறு சனிக்கிழமையும் ஏழு மணிக்கு இருட்டாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வாரமும் படம் பிடித்து அலைவரிசைக்கு அனுப்பினார்கள். மீரா சாஹிப் அண்ணன் என்னிடம், "நோம்பு தொறக்கக்கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்ல தங்கச்சி, ஒன் வூட்டுக்காரரு தேர்தல்ல நிக்கலாம் போல" என்றார். அப்பா கேட்டும் கேட்காத மாதிரி நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்தார்.

அப்புறம் மூன்று வாரம் பதில் வரவில்லை. நேரில் போய்க் கேட்டுவிடுவோம் என்று போன மாதம் அப்பாவும் ஜெயபாலனும் ஈப்போவில் பஸ் ஏறிக் கோலாலம்பூர் போனார்கள், தங்கைக்குப் பள்ளி விடுமுறை என்பதால் அவளையும் கூட்டிக்கொண்டு. முதல் வருடம் நீ ஒரு நீலச் சட்டை அனுப்பினாயே, அதை அப்பா பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தார். அன்றைக்குப் பிரித்துப் போட்டுக்கொண்டார். மடிப்பு போகவில்லை, நான் தேய்த்துத் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். அலைவரிசை ஆபீசில் ஒரு சின்னப் பெண், நல்ல மரியாதையான பெண்ணாம், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, கணினியைத் திருப்பிக் காட்டியிருக்கிறாள். ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிற பெட்டி வழியாக எந்த வீடு எதைப் பார்க்கிறது என்று அவர்களுக்கு அங்கிருந்தே தெரியுமாம். எங்கள் பக்கத்தில் முன்பெல்லாம் சனிக்கிழமை ஏழு மணிக்கு நிறைய வீடுகளில் ஓடியிருக்கிறது, அந்த ஆறு வாரம் பார்த்து ஒவ்வொரு வீடாக அணைந்துகொண்டே போயிருக்கிறது. (கோடு கீழே இறங்குவதை நானே பார்த்தேன் அக்கா. ஆறாவது வாரத்தில் தரையைத் தொட்டிருந்தது. நான் தலையெண்ணிய அதே வாரம். தினேஸ்.) அப்பா படங்களை எடுத்து மேசையில் வைத்து, "நூத்தி நாப்பது பேரு ம்மா, இங்க பாரு" என்றாராம். அந்தப் பெண் ஒவ்வொரு படத்தையும் பார்த்துவிட்டு, "தெரியுது ஐயா. ஆனா கடை ஒரு பெட்டிதான் ஐயா" என்றாளாம். அப்பாவுக்குப் புரியவில்லை, மறுபடி கேட்டார். அவள் மறுபடி அதையே சொன்னாள். ஜெயபாலன்தான், "அண்ணே, நாமதான்ணே எல்லா வூட்டு டிவியையும் அடைச்சிட்டோம்" என்றாராம். அப்பா இனிமேல் வீட்டிலேயே பார்க்கச் சொல்கிறேன், இன்னும் ஒரு ஆறு வாரம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். முடிவு எடுத்தாகிவிட்டது, நடிகர்களை எல்லாம் விட்டாகிவிட்டது, பதினேழாம் நம்பர் வீடாகப் போட்டிருந்த செட்டைப் பலகை பலகையாகப் பிரித்தும் ஆகிவிட்டது என்று சொல்லி, அந்தப் பெண்ணே வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாளாம்.

ஊர் திரும்பி மீரா சாஹிப் கடையில் விஷயத்தைச் சொன்னபோது யாரும் கோபப்படவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கருப்பம்மாள் அக்கா மட்டும் அப்பாவைப் பார்த்து, "யோவ் உடையப்பா, நொண்டிக் காலோட ஒன் மோட்டார்ல ஏறி வந்து, நானே அந்த நாடகத்தக் கொன்னுட்டேனாய்யா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி, பழைய மடிப்பிலேயே மடித்து, அதே பிளாஸ்டிக்கில் வைத்துவிட்டார். அதற்கப்புறம் நாடகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் சனிக்கிழமை வந்தால் ஏழு மணிக்கு வந்து உட்காருகிறார், அந்த நேரத்தில் இப்போது ஏதோ சமையல் போட்டி போடுகிறார்கள், அதை முடிகிற வரை பார்க்கிறார், ஃபோன் பக்கத்தில் இருக்கும். எட்டேகால் ஆனதும் எழுந்து போகிறார். தங்கைக்குப் பொறுக்காமல், மாயவன் மகள் வீட்டுக் கதவைத் தட்டுகிற அடுத்த பகுதியைத் தானே எழுதி, இருபது பக்கம், அவருக்குப் படித்துக் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். "நல்லாத்தான் இருக்குமா. ஆனா இது நீ எழுதினதுலா. இது டிவியில வராதே" என்றார். அந்தப் பக்கங்களை உனக்கு அனுப்பலாமா என்று தங்கை கேட்டாள், நான் வேண்டாம் என்றேன். நடக்காததை நடந்த மாதிரி எழுதி அனுப்பி என்ன ஆகப் போகிறது.

உன்னைக் கூப்பிடச் சொல்லி நான் இதை எழுதவில்லை. சொல்லிக் கூப்பிட்டால் அது எப்படி இருக்கும் என்று உங்கள் இருவரையும் பெற்று வளர்த்த மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத் தெரியும், இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். ஆகஸ்டிலிருந்து நீ எத்தனை சனிக்கிழமை விட்டிருக்கிறாய் என்று அவர் எண்ணுகிறாரோ இல்லையோ, நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். உனக்கு வார்டில் வேலை அதிகம் என்று தங்கை சொல்கிறாள், இருக்கட்டும். இரவு வேலைக்குப் போகும்போது பசியோடு போகாதே. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, அங்கே காற்று நம் ஊர்க் காற்று இல்லை. பாஸ்போர்ட் மார்ச்சில் முடிகிறது, இப்போதே புதுப்பித்துவிடு, மறந்துவிடாதே. எந்தக் கையாலும் உனக்குக் கெடுதல் வராமல், போன இடத்தில் நாலு பேர் உன்னை நம் பிள்ளை என்று சொல்லும்படி நீ நன்றாக இருக்க வேண்டும்.

கடிதத்தை மடிக்கும் முன் அப்பாவைக் கேட்டேன், பிள்ளைக்கு ஏதாவது எழுத வேண்டுமா என்று. வாளியைக் கவிழ்த்துவிட்டு வாசலில் வந்து நின்று, எழுதறதுக்கு என்ன இருக்கு, நாடகம்தான் முடிஞ்சு போச்சே என்றார். திரும்பப் போனார். தங்கை பேனாவை மூடிவிட்டாள். அப்புறம் மறுபடி வந்தார், கையெல்லாம் சோப்பு நுரை. அவர் சொன்னதை மாற்றாமல் அப்படியே எழுது என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்.

"நாடகத்து செட்டெல்லாம் பிரிச்சிட்டாங்கன்னு எழுது. இனிமே வராது. அடுத்த பாகம் வரும்னு அவ அங்க காத்துக்கிட்டு இருக்க வேணாம்."

இப்படிக்கு,
உன் அம்மா,
உ. நவமணி

எழுதியது: தினேஸ்வரி