நீ ஊற்றின ஆயிலை இறக்கிவிட்டேன்

நகத்தில் கறை போகாத என் அக்காவுக்கு,

வண்டி நன்றாக இருக்கிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மேற்கொண்டு எதையும் நீ காதில் வாங்க மாட்டாய். அம்மா பரவாயில்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று என்னைக் கேட்காதே.

இன்று காலை வண்டிக்கு ஆயில் மாற்றினேன். வாசலில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், நீ எப்போதும் நிறுத்துகிற அதே இடத்தில். ஆயில், ஃபில்டர் இரண்டும். நீ போன பிறகு இதுதான் முதல் தடவை. எப்போதோ மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படித்தால் படிக்கட்டும். பாகலூர் ரோட்டில் பிக்கப் ஓட்டுகிற பாதிப் பேருக்கு நான் லூசு என்று முன்னமே தெரியும்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? காய்ச்சல் வருவதற்கு முன்னால் கடைசியாக நீ செய்த வேலை அதுதான். நைட்டிக்கு மேலே என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கோணிப்பையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்திருந்தாய். நான் படியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியிலிருந்து உன் கை மட்டும் வெளியே வந்தது. "அந்தத் துணிய எடுத்துக் குடுங்க தொரை" என்றாய். எடுத்துக் கொடுத்தேன். உன் கையில் துணி கொடுத்தவன் என்ற அளவுக்குத்தான் அந்த வேலையில் எனக்குப் பங்கு.

அப்புறம் காய்ச்சல். அதோடும் ஒரு லோடு முட்டைக்கோஸை ஓசூர் மார்க்கெட்டில் இறக்கினாய். ஆஸ்பத்திரிக்குக்கூட நீயே ஓட்டிக்கொண்டு வந்தாய். நான் ஓட்டுகிறேன் என்றதற்கு, கியரைப் போட்டு நொறுக்கிவிடுவாய் என்று சாவியைத் தரவில்லை. டெங்கு என்றார்கள். திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். பக்கத்து சீட்டில் உன் செருப்பு இருந்தது.

அன்றிலிருந்து வண்டி என் கையில். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டேன், கம்பெனி கம்பெனியாகச் சேர்ந்து சேர்ந்து விட்டேன், எதிலும் நிற்க மாட்டான் என்று ஊரே சொன்னது. இதில் நிற்கிறேன். குடைமிளகாய், பீன்ஸ், கொத்தமல்லி, எது வந்தாலும் ஏற்றுகிறேன். உனக்கு லோடு கொடுத்த ஆட்களும் உன் நம்பரில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் போனில் பேர் மாற்றவில்லை போலிருக்கிறது. எடுத்ததும் "அக்கா" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆயில் மாற்ற வேண்டிய காலம் வந்தது. தெரியும். போய் டப்பாவும் புது ஃபில்டரும் வாங்கிக்கொண்டு வந்தேன். குனிந்து பார்த்தேன். அங்கே உன் ஃபில்டர் இருந்தது. நீ கையால் முடுக்கினது. அதன் உள்ளே ஓடுவது நீ ஊற்றின ஆயில். உன் துணியெல்லாம் அம்மா துவைத்துவிட்டாள், தலையணை உறையையும் துவைத்துவிட்டாள். நீ செய்து வைத்தது செய்து வைத்தபடி இன்னும் ஓடிக்கொண்டிருப்பது வீட்டில் இது ஒன்றுதான். இதையும் இறக்கிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

அதனால் இறக்கவில்லை. ஆயில் குறையக் குறைய மேலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். புதுசோடு கலந்து உன்னுதும் கொஞ்சமாவது இருக்கும் இல்லையா. நீ கேட்டிருந்தால் ஸ்பானராலேயே அடித்திருப்பாய்.

மெக்கானிக் பாய் ஒரு நாள் அவர் ஷெட் வாசலில் தானாகவே பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தார். இரண்டு விரலில் தேய்த்தார். "தம்பி, இது ஆயில் இல்ல, தாரு. இத்த ஊத்தி உங்க தெருவுக்கு ரோடு போடலாம்" என்றார். இப்போதே மாற்றித் தருகிறேன் என்று ஸ்பானரை எடுத்தார். நான் வீட்டிலேயே மாற்றிக்கொள்கிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஸ்பானரைத் திரும்ப வைத்தார். நான் கிளம்பும்போது, "உங்கக்கா எஞ்சினுக்குப் பசிக்க வுடமாட்டா" என்றார். வீட்டுக்கு வந்து மறுபடியும் மேலேதான் ஊற்றினேன்.

போன வாரம் மாதண்ணன் போன் செய்தார். தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம், காட்டு ஓரம், நீ ராகி ஏற்றப் போவாயே, அவர்தான். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ராகி முற்றினால் யானை இறங்கும். பழைய ஆயிலில் மிளகாய்த்தூளைக் குழைத்துக் கயிற்றில் தடவி நிலத்தைச் சுற்றிக் கட்டுவார்கள், அந்தக் காரத்துக்கு யானை கிட்ட வராது. ஒவ்வொரு தடவையும் இறக்கின ஆயிலை நீ கேனில் பிடித்து அவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாய். "ஏனப்பா, எண்ணெ சிக்குமா? இல்லாட்டி பரவால்ல" என்றார். இன்னும் மாற்றவில்லை என்று சொன்னேன். பக்கத்து நிலத்தில் முந்தாநாள் யானை புகுந்துவிட்டது என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டார்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சாப்பிட உட்கார்ந்ததும், "அவ இருந்தா குடுத்திருப்பா" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் இருந்தால் எல்லாம்தான் நடந்திருக்கும் என்று கத்திவிட்டு எழுந்து போய்விட்டேன்.

நேற்று கிருஷ்ணகிரிக்கு பீன்ஸ் லோடு. சூளகிரி மேட்டில் ஏறும்போது எஞ்சினுக்குள் யாரோ உட்கார்ந்து தட்டுகிற மாதிரி சத்தம். ஓரம் கட்டினேன். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் மீட்டரில் சிவப்பு ஆயில் விளக்கு. விட்டு விட்டு எரிந்தது. உடனே ஆஃப் செய்தேன். லாரிகள் என்னை உரசிக்கொண்டு போயின. பானெட் மேல் கை வைத்தேன், சுட்டது. அப்போதுதான் உறைத்தது. உன் ஆயிலை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு உன் வண்டியைத் தின்றுகொண்டிருந்தேன். எஞ்சின் பிடித்துக்கொண்டு ஒரேயடியாக நின்றுபோனால் எனக்கு எது மிஞ்சும்? ஆறவிட்டு, கையில் இருந்த டப்பாவை ஊற்றி, மாடு மேய்ப்பவன் மாதிரி மெதுவாக ஓட்டி, லோடை இறக்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

சரி, காலையில் என்ன நடந்தது என்று கேள். ஸ்டார்ட் செய்து எஞ்சினைச் சூடாக்கினேன். பின் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். உன் கோணிப்பையைத்தான் விரித்தேன். அடியில் கேனை வைத்துப் போல்ட்டைக் கழற்றினதும் உன் ஆயில் வந்தது. முதலில் கொட்டியது, அப்புறம் நூல் மாதிரி, அப்புறம் சொட்டு. கடைசிச் சொட்டு வரைக்கும் விடு, அவசரப்படாதே என்பாய். விட்டேன். நின்ற பிறகும் போல்ட்டை மாட்டாமல் அடுத்த சொட்டு வருமா என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். மேலேயிருந்து அம்மா, "தூங்கிட்டியாடா?" என்றாள். போல்ட்டை மாட்டினேன்.

ஃபில்டர்தான் அசையவில்லை. துணி சுற்றிப் பார்த்தேன், வழுக்கியது. மற்ற டிரைவர்கள் ஸ்க்ரூடிரைவரை அடித்து ஃபில்டருக்குள் குத்தித் திருப்புவார்கள். அடிப்பதற்குக் கையில் எடுத்தும் விட்டேன். முடியவில்லை. நீ முடுக்கினதை எப்படிக் குத்துவது?

அம்மா சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். புடவையைச் சொருகிக்கொண்டு, "நகருடா" என்று எனக்குப் பக்கத்தில் வந்து படுத்தாள். உன் காலத்தில் ஒரு நாளாவது வண்டிக்கு அடியில் வந்திருக்கிறாளா? டியூப்பை ஃபில்டரில் சுற்றி இரண்டு பேரும் பிடித்தோம். அசையவில்லை. மறுபடியும் பிடித்தோம்.

"பாத்தியாடா அவ பிடிய" என்றாள் அம்மா. "ஊறுகா பாட்டில்கூட அவ மூடினா எனக்குத் தொறக்க வராது. அவ வர்ற வரைக்கும் வெறும் சோத்தத் தின்னுட்டு உக்காந்திருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்ததா என்ன வந்தது என்று தெரியவில்லை. மூன்றாவது தடவை சேர்ந்து இழுத்ததில் ஃபில்டர் சடக்கென்று விட்டுக்கொடுத்தது. வெதுவெதுவென்று ஆயில் எங்கள் மணிக்கட்டில் வழிந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். அம்மா எடுக்கவில்லை. தானே சுற்றிச் சுற்றிக் கழற்றி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெளியே போனாள். படியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். ஆயில் புடவையில் ஊறியது.

இங்கேதான் சொதப்பினேன். கழற்றின ஃபில்டரைத் திருப்பி, அதன் ரப்பர் வளையம் கூடவே வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்குத் தெரியும். ஆனால் அது அம்மா மடியில் இருந்தது. கொடும்மா என்று கேட்க வாய் வரவில்லை. புது ஃபில்டரின் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையால் முடுக்கி, புது ஆயிலை ஊற்றி, ஸ்டார்ட் செய்தேன்.

குழாய் உடைந்த மாதிரி கொட்டியது. ஆஃப் செய்துவிட்டு இறங்கி ஓடி வருவதற்குள் புது ஆயில் பாதி மண்ணில். உன்னுடைய பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது, அதன் மேலேயே நான் புதுசை முடுக்கியிருக்கிறேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எதிலும் உருப்பட மாட்டான் என்று ஊர் சொன்னது சரிதான் என்று தோன்றியது.

அப்போது அம்மா சிரித்தாள், அக்கா. நீ போன பிறகு முதல் தடவை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் அந்தக் கறுப்புத் திட்டு இருக்கிறதே, புல்கூட முளைக்காதே, முன்பு குடியிருந்தவனின் டீசல் டிரம் ஓட்டை என்று எனக்குக் கதை விட்டாயே. அதைக் காட்டினாள்.

"அது உங்கக்கா பண்ண வேலடா. வண்டி வாங்கி மொதமொத ஆயில் மாத்தறப்ப இதே மாதிரிதான், ரப்பர எடுக்காம மாட்டிட்டா. நீ காலேஜுல இருந்து வர்றதுக்குள்ள மண்ணள்ளிப் போட்டு மூடினோம் ரெண்டு பேரும். தம்பிகிட்ட சொல்லிடாதம்மா, சாவற வரைக்கும் ஓட்டுவான்னா."

அந்த வார்த்தையில் அவள் சிரிப்பு நின்றது. ஃபில்டரை அப்படியே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் மறைத்துவிட்டாயே, கழுதை. நான் கேலி பண்ணி ஓட்டியிருப்பேன்தான். தினமும் ஓட்டியிருப்பேன். அந்த ஒன்றை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

உன் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்தேன். ஒட்டியிருந்த இடத்தைத் துடைத்தேன். மறுபடி ஃபில்டரை முடுக்கி, கடைக்கு ஓடி ஆயில் வாங்கி வந்து ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். சிவப்பு விளக்கு வந்தது, உடனே போய்விட்டது. எஞ்சின் நீ வீட்டுக்குத் திரும்பும்போது கேட்கிற அதே சத்தத்தில் ஓடியது. அம்மா சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். ஏன் என்று புரிந்தது. அந்தச் சத்தம் கேட்டால் அவள் உனக்குச் சோறு போடத்தான் எழுவாள்.

மதியம் கேனை எடுத்துக்கொண்டு மாதண்ணன் நிலத்துக்குப் போனேன். மிளகாய்த்தூளைக் கொட்டி அவர் குழைத்தார், நான் கயிற்றைப் பிடித்தேன். கண் எரிந்தது. யாராவது பார்த்தால் மிளகாய் என்று சொல்லிக்கொள்ளலாம், வசதி. இது அக்கா ஊற்றின கடைசி ஆயில் என்றேன். அவர் குழைப்பதை நிறுத்தினார். பிறகு மீதியைத் தனியாக எடுத்து வைத்தார்.

"இத்த காட்டு மொனைக்கு வெக்கறன். ஆனை அங்கதான் மொதல்ல வந்து மூக்க நீட்டும்" என்றார்.

நீ இப்போது அங்கேதான் நிற்கிறாய். ராகிக்கும் யானைக்கும் நடுவில். யானைக்குப் பயப்படுகிற ஆளில்லை நீ, எனக்குத் தெரியும்.

புதுத் திட்டு உன்னுடைய திட்டுக்குப் பக்கத்திலேயே விழுந்திருக்கிறது. மண் போட்டு மூடப்போனேன், அம்மா விடவில்லை. ஃபில்டரைத் துடைத்து எங்கேயோ வைத்திருக்கிறாள், நான் கேட்கவில்லை. நீ கடைசியாக மூடின ஊறுகாய் பாட்டில் இன்னும் அலமாரியில் அப்படியே இருக்கிறது. ஆயில்தான் கெட்டுப்போகுமாம், ஊறுகாய் கெடாதாம். அதை மட்டும் வைத்துக்கொள்வோமடா என்கிறாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி நேரத்துக்கு மாற்றுவேன், மேலே மேலே ஊற்றி ஏமாற்ற மாட்டேன். பழைய வளையம் வந்ததா என்று முதலில் பார்ப்பேன். மாதண்ணனுக்குக் கேன் போகும். ஃபில்டரைக் கையால்தான் முடுக்குவேன், உன் அளவுக்கு. எனக்கு அப்புறம் அதைக் கழற்றுகிறவன் எவனோ, அவனும் கொஞ்சம் திணறட்டும்.

நகம் கறுத்துப்போய் நிற்கும்,
உன் தம்பி