கட்டைவிரல் மை

9 பிப்ரவரி 1963, சனி
காலையிலேயே வெயில். பிளேடு மழுங்கிவிட்டது, தாடையில் வெட்டு. படம் நேற்று ஊருக்கு வந்தாயிற்று. தேவராஜ் எழுதிய எங்கள் சபா நாடகம்தான், மதராஸில் படமாகியிருக்கிறது. எட்டு வருஷமாக அதில் அப்பா வேடம் எனக்கு. படத்தில் வேறு ஆள். 'உன் முகம் சினிமாவுக்கு எடுபடாதாம்டா அந்தோணி, நான் என்ன செய்ய?' என்று படம் தொடங்கியபோது ஒரு கார்டு போட்டான். கல்லூரியில் அவனும் நானும் ஒரே பெஞ்சு. கார்டு போதும் என்று நினைத்திருக்கிறான்.

10 ஞாயிறு
பூசை. பிறகு மனைவி லூர்துவுடன் மேட்னி. நிலத்தை விற்ற அப்பா பத்திரத்தில் கைநாட்டு வைக்கும் காட்சி. மதராஸ் நடிகர், மையைத் துடைக்கக் கட்டைவிரலைத் தலைமுடிக்குக் கொண்டுபோகிறார். பாதியில் நிறுத்துகிறார். விரலையே பார்க்கிறார். துடைக்காமல் துண்டுக்குள் மறைத்துக்கொள்கிறார். தியேட்டர் முழுக்க விம்மல்.

அது என்னுடையது. ரெஜிஸ்தர் ஆபீஸில் என் மேஜைக்கு எதிரே, குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிழவர் ஒருவர் செய்தது. எல்லோரும் தலையில் தேய்த்துவிட்டுப் போவார்கள். அவர் தேய்க்கவில்லை. ஒரு மாதம் கண்ணாடி முன் பழகினேன்.

லூர்து, "என்னங்க, இது நீங்க செய்யிறதுல்ல?"
பேசாமல் இரு என்றேன்.

11 திங்கள்
தூக்கமில்லை. போன சித்திரையில் தே. வந்து சொன்னது: "வசனத்துக்குப் பக்கத்துல, நீ செய்யிறதையெல்லாம் எழுதிக் குடுடா. டைரக்டர் கேக்குறாரு. வேஷம் உனக்குத்தான்." சிவப்பு மையில் எழுதினேன். 'மூச்சை இழு.' 'மூன்று எண்ணும் வரை விரலைப் பார்.' நேற்று தியேட்டரில் எண்ணினேன். சரியாக மூன்று. பி.ஏ. படித்த முட்டாள்.

13 புதன்
ஆபீஸ் வாசலில் கார். தே. இறங்கினான். பட்டுச் சட்டை, தொப்பை.
"கோவமாடா?"
"விரல் யாருடையது?" என்றேன்.
"ஏலே, அது அந்தக் கெழவனோடதுல்ல? நீ என்ன, அவன்ட்ட கேட்டுட்டா எடுத்த?"
சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

15 வெள்ளி
தே. வாங்கித் திருப்பித் தராதவை: லாஜிக் நோட்ஸ், கறுப்புக் குடை, அப்பா வேடம்.
லூர்து வைத்த கருவாட்டுக் குழம்பில் உப்பு அதிகம். சொன்னேன். அழுதாள்.

3 மார்ச், ஞாயிறு
நேற்று மாசித் திருவிழா மேடையில் அதே நாடகம். "தவக்காலத்துல வேஷமா?" என்று லூர்து வரவில்லை.

கைநாட்டு வைத்தேன். கையைத் தூக்கினேன். முன்வரிசையில் ஒருவன், "இப்பப் பாரு, நிப்பாட்டுவாரு!"
நிறுத்தினேன். எட்டு வருஷத்தில் கேட்காத கைதட்டல்.

இறங்கியதும் சின்னாளப்பட்டி நெசவாளி ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பு, சினிமாவுல செய்யிற மாதிரியே செஞ்சீக. அம்புட்டும் அப்படியே! எத்தன தடவ படம் பாத்தீக?"
"ஒரு தடவை" என்றேன்.

இன்று காலை சபா செயலாளர் வீட்டுக்குப் போய், இனி அப்பா வேடத்துக்கு வேறு ஆள் பாருங்கள் என்று சொன்னேன்.
"திடீர்னு யாரு சார் கெடைப்பா? யாரு சொல்லிக் குடுக்கிறது?"
"படம் இன்னும் ஓடுகிறது. போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்."