மாத்திவுட ஆள் வரல

6, வெள்ளி

பனி. மலை தெரியல, உச்சியில கோயில் லைட்டு மட்டும். இருட்டுலயே முழிப்பு. போர்வைய மடிச்சி, மடிச்சத பிரிச்சி, மறுபடியும் மடிச்சேன். சுமதி படுத்த வாக்குலயே பாத்துகினு இருந்தா. "இது வூடுங்க, மிலிட்டிரி பேரக் இல்ல. யாரும் வந்து செக் பண்ண மாட்டாங்க." ஷூ பாலிஷ் போட உக்காந்துட்டேன்.

மிலிட்டிரிலேர்ந்து வந்து அஞ்சு மாசம், இது மூணாவது வேல. அரக்கோணம் ஜவுளிக் கடைல கதவத் தொறந்து "வாங்கம்மா" சொல்லணும். வாயில வரல. அப்பறம் ஸ்கூல் வேன். புள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சி நம்பர் சொல்ல வெச்சேன்னு ரெண்டு அம்மாங்க கம்ப்ளெயின்ட். இப்ப லேஅவுட்டு வாட்ச்மேன். கே.ஜி.கண்டிகை தாண்டி ரோட்டோரம். பெரிய ஆர்ச்சு, கலர் கலரா கொடி, உள்ள மஞ்ச பெயின்ட் அடிச்ச கல்லுங்க. வூடு ஒன்னு கூட கெடையாது. பதினேழு வருஷம் துப்பாக்கி புடிச்சவன் கல்லுக்குக் காவல்.

பிளாட்டு விக்கறவன் பேரு டில்லி. எனக்கு மேல அவன்தான். அவன் சொன்ன ஆர்டர் ரெண்டு: தெரியாத ஆள உள்ள வுடக் கூடாது. ஞாயித்துக்கெழம மெட்ராஸ் பார்ட்டிங்க கார்ல வந்தா ஆர்ச்சுகிட்ட சல்யூட் அடிக்கணும். "ஓனருக்கு ஆர்மிக்காரருன்னா ஒரு இது, மேஜரே."

மேஜர் இல்லப்பா, நாயக், ரொம்ப கீழ் ரேங்குன்னு சொன்னேன். "ஆங், ஆங், சரி மேஜரே."

7, சனி

வாங்கணும்: பாப்பாவுக்குப் பாவாட சட்ட. வெள்ளிக் கொலுசு. கம்மல் (ஆசாரி வியாழக்கெழம வர சொன்னான்). பழம், பூ, தட்டு. எனக்கு வேட்டி. சுமதி தலைவலி மாத்திரை.

தங்கச்சி ராஜி போன். அவளோட ரெண்டாவது, யாழினி, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழம மலையில மொட்டையும் காது குத்தும். தாய்மாமன் மடியில உக்கார வெச்சிதான் குத்தணும். மூத்தவன் தருணுக்குக் குத்தறப்ப நான் பனியில, மேல, எல்லையில. லீவு கேட்டு கெடைக்கல.

"போன வாட்டி உன் போட்டோவ பக்கத்துல வெச்சிகினோம். போட்டோவுக்கு ஏதுணா மடி?"

சிரிச்சிகினேதான் சொன்னா. அவ கல்யாணத்துக்கும் தாலி கட்டி முடிச்ச மறுநாள்தான் வந்து சேந்தேன்.

"இந்த வாட்டி ஊர்லயே கீறேன். வராம எங்கடி போவப் போறேன்?"

"பாக்கறேன்" ன்னா.

9, திங்கள்

வெயில் இப்பவே சுள்ளுன்னு. வேலியச் சுத்தி நடந்தேன், மறுபடி நடந்தேன். டில்லி நாற்காலி போட்டு குடுத்துகீறான், உக்கார முடியல. உக்காந்தா கால் ஆடுது. தலைக்கு மேல அரக்கோணம் பக்கமா ஒரு ஹெலிகாப்டர் போச்சி. அது மறையற வரைக்கும் அண்ணாந்து நின்னேன். அதுல யாரு கீறாங்கன்னு எனக்கு இன்னா?

ஆடு மேய்க்கற பொம்பள ஒருத்தி, கோவிந்தம்மா, கண்டிகை. நாப்பத்தஞ்சு அம்பது இருக்கும். தெனம் வேலிக்கு நடுவுல ஆட்ட வுட்டு அதுங்க பின்னாலயே நொழையுது. விசில் அடிச்சேன். திரும்பிக் கூட பாக்கல. ஓடிப் போயி நின்னேன்.

"யக்கா, உள்ள வரக் கூடாது. ஆர்டர்."

"ஏன் நைனா, இதுல இன்னாத்த தூக்கிகினு போயிடுவேன்? கல்லையா? நீயே ஒன்ன எடுத்து தலையில வையி, எவ்ளோ தூரம் போறேன்னு பாப்போம்."

சிரிப்பு வந்துச்சி, அடக்கிகினேன். ஆர்டர் ஆர்டர்தான். ஆட்ட வெளிய ஓட்டினேன். மத்தியானம் மறுபடியும் உள்ள.

11, புதன்

டில்லி கிட்ட ஞாயித்துக்கெழம லீவு கேட்டேன். அன்னிக்கிதான் பார்ட்டிங்க வருவாங்க, முடியாதாம். அப்பறம் அவனே வழி சொன்னான்: சனி நைட்டு டூட்டி பாரு, விடிஞ்சதும் முனிரத்னம் வந்து மாத்திவுடுவான், மத்தியானத்துக்கு மேல பார்ட்டிங்க வரப்ப திரும்பி வந்துடு. முனிரத்னம் இன்னொரு வாட்ச்மேன், பொதட்டூர்பேட்டை. கைல அடிச்சி சொன்னான். "விடியறப்ப இங்க நிப்பேன் மிலிட்டிரி. உன் தங்கச்சி புள்ள எனக்கு புள்ள இல்லியா?"

இவன் தெனம் லேட்டு. மனசுக்கு சரியா படல.

13, வெள்ளி

கம்மல் வாங்கியாச்சி. சின்னதா, செவப்புக் கல்லு. பாக்கெட்டுல வெச்சிகினு டூட்டிக்குப் போனேன். தொட்டு தொட்டு பாத்துகினேன்.

டீக்கடைல ஒருத்தன்: "மிலிட்டிரிகாரருக்கெல்லாம் ஜாலிதான், சரக்கு வரும், பென்ஷன் வரும்." இன்னொருத்தன்: "வந்து வேற எங்க வேலைய புடிங்கிகினு போறாங்க." டீய பாதில வெச்சிட்டு வந்துட்டேன். சண்ட போட்டிருக்கலாம். போட்டிருந்தா நல்லா தூக்கமாச்சும் வந்திருக்கும்.

15, ஞாயிறு. ஆர்ச்சு கிட்ட இருந்து

விடிஞ்சி போச்சி. முனிரத்னம் வரல. போன் சுச்சாஃப்.

ரோட்டுல மலைக்குப் போற வண்டிங்க. பின் சீட்ல மொட்ட அடிக்க புள்ளைங்க. எல்லாரும் போறாங்க.

டில்லிக்கு போன் போட்டேன். தூக்கத்துல கத்தறான். "யோவ் மிலிட்டிரி, செயினு போட்டு பூட்டிகினு கெளம்புயா. யாரு வந்து தூக்கிகினு போவப் போறாங்க?"

பூட்டினேன். பைக் வரைக்கும் போனேன். திரும்பி வந்துட்டேன்.

ஆள் கைல குடுக்காம போஸ்ட்ட வுட்டுட்டு நான் போனதே கெடையாது. மேல ஒரு வாட்டி பனிப்புயல்ல மாத்திவுட ஆள் வர முடியல, மூக்கு ஒறைஞ்சி போயி நின்னேன், அசையல. நான் உருப்படியா கத்துகினது அது ஒன்னுதான். கம்ப்யூட்டர் தெரியாது, வியாபாரம் தெரியாது, சிரிச்சி பேசத் தெரியாது. இத்தயும் வுட்டுட்டா நான் யாரு?

தெரியும், பைத்தியக்காரத்தனம்னு. கல்லுக்கு யாரு காவல் கேட்டாங்க? கால் நவுரல.

ராஜி போன். பின்னால மேளம். "மொட்ட முடிஞ்சிச்சிணா. அவங்க பெரியப்பா மடியில. காது குத்தறதுதான் பாக்கி." மேளம் சத்தம் கொறஞ்சிது, தள்ளி வந்துட்டா போல. "வரலன்னா வரலன்னு சொல்லிடு. போட்டோ பையில கொண்டாந்துதான் கீறேன்."

கொண்டாந்துகீறா. நான் வர மாட்டேன்னு முன்னாடியே தெரிஞ்சிகினு.

அதே நாள், சாயங்காலம்

நடந்தத எழுதணும்.

போன வெச்சிட்டு நிக்கறேன், கண்ணு கலங்கிப் போச்சி. ஆட்டுக் கழுத்து மணி. கோவிந்தம்மா.

"இன்னா மிலிட்டிரி, கைல புது வேட்டி? பொண்ணு பாக்கப் போறியா?"

எல்லாத்தயும் கொட்டிட்டேன். ஏன் சொன்னேன்னு தெரியல. அது கேட்டுகினு, முந்தானைல கைய தொடச்சிகினு, நீட்டுச்சி.

"குடு அந்த விசில."

"யக்கா, வெளையாட்டு இல்ல."

"நானும் வெளையாடல. இந்த மண்ணுல நான் கல்லக்கா செடி புடுங்கினப்ப நீ எங்க இருந்த? இந்த எடத்தப் பாத்துக்க எனக்கு நீ சொல்லித் தரணுமா? ஆளு மாத்திவுடணும், அவ்ளோதானே? வந்துட்டேன். குடு."

ஒன்னு ஒன்னா குடுத்தேன். விசில், தடி, டார்ச்சு, செயின் சாவி. ஆர்டர் சொன்னேன்: நான் வர வரைக்கும் தெரியாத ஆளு யாரையும் உள்ள வுடக் கூடாது.

"என் ஆடு?"

"ஆடு தெரிஞ்ச ஆளுதான். வுடு."

கை தானா மேல போச்சி, சல்யூட்டுக்கு. அது வாயப் பொத்திகினு சிரிச்சிது. பைக்க எடுத்தேன். முதுகுல இருந்து ஒரு மூட்ட எறங்கின மாதிரி.

படியில ஓடினேன், ரெண்டு ரெண்டா. யூனிபார்ம்லயே. மேல போனா ஆசாரி பொட்டிய மூடிகினு கீறான், ராஜியோட மாமியார் "நல்ல நேரம் போவுது, இன்னும் எவ்ளோ நேரந்தான்" ன்னு மொணகிகினு கீது. ராஜி என்னப் பாத்தா. திட்டல. கொழந்தைய தூக்கி அப்பிடியே மடியில வெச்சிட்டா. மாப்ள வேலு தோள்ல தட்டி, "மச்சான், மூச்சு வுடுங்க முதல்ல."

மொட்ட மண்ட, சந்தனம், சூடு. என்ன யாருன்னு தெரியாது அதுக்கு. ஊசி போனதும் கத்துச்சி பாரு, என் சட்ட பட்டன புடிச்சி இழுத்துகினு. மடியிலயே ஒன்னுக்கு போயிடுச்சி. எல்லாரும் சிரிக்கறாங்க. எனக்கு அழுவ. வெக்கமா இல்ல.

போட்டோ பையிலயே இருந்துச்சி.

திரும்பி வரேன், கோவிந்தம்மா ஆர்ச்சுக்கு நடுவுல நாற்காலிய போட்டு உக்காந்துகினு கீது, கழுத்துல விசில். ஆடுங்க எல்லாம் ஓனர் ஆசையா நட்ட செடிய மேஞ்சிகினு.

"ஒரு காரு வந்துச்சி. வெள்ள சட்ட, கூலிங் கிளாசு, பின்னால நாலு பேரு. இது என் எடம்னான். நான் யாருன்னு கேட்டேன், ஓனருன்னான். தெரியாத ஆள வுடக் கூடாது, ஆர்டருன்னேன். கத்தினான். விசில் அடிச்சேன். போயிட்டான்."

தலைல கை வெச்சிகினு உக்காந்துட்டேன். அப்பறம் சிரிச்சேன். வயிறு வலிக்க. ஊருக்கு வந்து இப்பிடி சிரிச்சதே இல்ல.

16, திங்கள்

மேகம். மழ வராது.

முனிரத்னம் வந்தான். நேத்து பொதட்டூர்பேட்டைல ஒரு கல்யாணமாம். "நீ பூட்டிகினு போயிருப்பன்னு நெனச்சேன் மிலிட்டிரி. யாரா இருந்தாலும் அதானே செய்வாங்க?" அவன் சொல்றதும் நெசம்தான்.

டில்லி தலைய சொறிஞ்சிகினு: ஓனர் காச்சிட்டாராம், பார்ட்டிங்க முன்னால மானம் போச்சாம். ஆனா ஒரு விசயம். அந்தம்மா மாதிரி ஒருத்தர் நின்னா எவனும் உள்ள வர மாட்டான், அவங்களயே பகல் டூட்டிக்கு போடுன்னுட்டாராம். "நீங்க ஞாயித்துக்கெழம மட்டும் வந்து சல்யூட் அடிங்க மேஜரே."

"நாயக்" ன்னேன். "சல்யூட்ட வேற ஆளுக்கு வித்துக்கோ."

விசில் கோவிந்தம்மா கிட்டயே. திருப்பிக் கேக்கல.

18, புதன்

வேல இல்ல. போர்வைய மடிச்சேன். ஒரு வாட்டிதான்.

அரக்கோணத்துல ஒரு லாரி ஷெட்டுல டிரைவர் கேக்கறாங்களாம், வேலு சொன்னாரு. வெள்ளிக்கெழம போய்ப் பாக்கணும். அதுவும் எத்தினி நாளைக்கோ.

ராஜி பாப்பாவ இங்க வுட்டுட்டு மார்க்கெட்டுக்குப் போயிகீறா. காது கொஞ்சம் வீங்கிகீது, தேங்கா எண்ண போட்டேன். மடியில ஏறி, பட்டன புடிச்சிகினு, அப்பிடியே தூங்கிடுச்சி. ஒரு கையால எழுதறேன். கால் மரத்துப் போச்சி.

இப்ப சுமதி வந்து நிக்கறா. "குடுங்க, நான் மடியில போட்டுக்கறேன். எவ்ளோ நேரம் அசையாம உக்காந்திருப்பீங்க?"

குடுக்கல.